ஐந்து ஆம்பியரில் ஒரு சர்வர்

பெய்ரூத் தென்புறநகர்,
ஏழாம் மாடி, லிஃப்ட் ஓடாத கட்டடம்.

அன்புத் தம்பி மாஜிதுக்கு அண்ணன் நஸீஹ் எழுதுவது. ஸலாம். இங்கே நானும் உன் மதனி சுகைனாவும் மூச்சோடு இருக்கிறோம். மாண்ட்ரியலில் நீயும் உன் வீட்டாரும் மூச்சோடும் மின்சாரத்தோடும் இருக்க அல்லாஹ் அருள்வானாக.

போன வெள்ளிக்கிழமை, "என் கார்டுல ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்துத் தர்றேன், நீ சும்மா இருண்ணே" என்று நீ சொன்னதும் பேச்சு அறுந்துபோனது நெட்வொர்க் கோளாறால் அல்ல. நான்தான் வைத்தேன். கோபம் இப்போது தணிந்துவிட்டதால் காரணத்தை எழுதுகிறேன்.

மருந்துக்கடையை மூடியபின் நான் நடத்துகிற இணையப் பக்கம் உனக்குத் தெரியும். யாரிடம் எந்த மருந்து மிச்சமிருக்கிறது, யாருக்கு எது கிடைக்கவில்லை என்று பேட்டை முழுக்கப் பார்க்கிற பக்கம். மிச்சமிருக்கிறது என்று எழுதுகிறவரிடம் ஏன் மிச்சம் என்று நான் கேட்பதில்லை, அநேகமாக அவர் வீட்டில் ஒரு கட்டில் காலியாகியிருக்கும். இந்தப் பக்கம் முன்பு ஐரோப்பாவில் ஒரு வாடகை சர்வரில்தான் இருந்தது. வங்கி என் கார்டை வெளிநாட்டில் செல்லாதபடி ஆக்கியதும் அந்தக் கம்பெனி மிகவும் பணிவாகச் சில கடிதங்கள் எழுதி, பிறகு அதே பணிவோடு எல்லாவற்றையும் அழித்தது, அழித்து முடித்துவிட்டு எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்றும் கேட்டது. அன்றைக்குத்தான் இனி சர்வர் என்றால் என் வீட்டுக்குள்தான் என்று முடிவு செய்தேன்.

பழைய கணினி விற்கிற வஃபீக்கிடம் போனேன். அவன் மூடப்பட்ட ஒரு வங்கிக் கிளையிலிருந்து வந்த பெரிய இயந்திரத்தைக் காட்டி, மருந்துக்கடைக்காரனான என்னை எல்லோரையும்போல டாக்டராக்கி, "டாக்டர், பேங்க்தான் செத்துச்சு, இது சாகாது" என்றான். நான்கு பேர் ஏழு மாடி சுமந்து ஏற்றினார்கள். வங்கி முடக்கிவைத்த நம் சேமிப்பு இதற்குள்தான் எங்காவது சிக்கியிருக்கும் என்று சுகைனா அதைத் தட்டிப் பார்த்தாள். சுவிட்சைப் போட்டேன், அதன் விசிறிகள் எழுப்பிய இரைச்சலைக் கேட்டு குண்டு போட விமானம் வந்துவிட்டது என்று கீழ்வீட்டுக்காரர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினார், அவரைப் பார்த்து மற்றவர்களும் ஓடினார்கள், ஓடியவர்களில் ஒருவர் கணுக்காலைப் பிசகிக்கொண்டார். அதற்குள் ஜெனரேட்டர்காரர் அபூ நிமர் நமக்கு ஒதுக்கியிருக்கிற ஐந்து ஆம்பியர் மின்சாரமும் போதாமல் வீடே இருண்டது. சுகைனா மெழுகுவர்த்தியோடு வந்து நின்றாள்.

"ஒண்ணு இது இருக்கணும், இல்ல ஃபிரிட்ஜ் இருக்கணும். ஃபிரிட்ஜுக்குள்ள மூணு பேரோட இன்சுலின் இருக்கு."

வங்கி இயந்திரம் படியிறங்கியது. ஏற்றிய நால்வரும் இறக்க வரவில்லை, அதற்கு வேறு ஆள் தேட வேண்டியிருந்தது.

இரைச்சலும் வேண்டாம், மின்சாரமும் அதிகம் தின்னக்கூடாது என்றதும் வஃபீக் சிகரெட் பெட்டியளவில் ஒரு பலகைக் கணினியைக் கொடுத்தான். சத்தமே இல்லை. ஒரு விளக்குக்கான மின்சாரம்கூடக் கேட்கவில்லை. நான் மகிழ்ந்துபோய் உனக்குப் படம்கூட அனுப்பினேன். ஆனால் அரசு மின்சாரம் போய் அபூ நிமரின் ஜெனரேட்டர் இருமிக்கொண்டு எழுவதற்குள் ஓர் இடைவெளி இருக்கிறதல்லவா, ஒவ்வொரு முறையும் அந்த இடைவெளியில் அந்தப் பலகை திடுமென்று செத்து எழுந்தது, அப்படி ஒருமுறை எழுந்தபோது அதிலிருந்த நினைவு அட்டை கெட்டுப்போய் அந்த வாரம் எழுதப்பட்டதெல்லாம் போய்விட்டது.

போனதில் லமீஸ் பெயரும் ஒன்று. ரொட்டிக்கடைச் சந்தில் இருக்கிற நஜாத்தின் மகள், ஒன்பது வயது, வலிப்பு நோய். அவளுக்கான மாத்திரை தன்னிடம் இருப்பதாக யாரோ எழுதியிருந்தார், அவருடைய எண்ணும் சேர்ந்து போயிற்று. நான் ஒவ்வொரு மருந்துக்கடைக் கதவிலும் அறிவிப்பு ஒட்டி, பள்ளிவாசலிலும் சொல்லிவைத்து, தெருத்தெருவாக விசாரித்தேன். அவர் கிடைப்பதற்குள் லமீஸ் மாடிப்படியில் வலிப்பு வந்து விழுந்தாள். முன்பற்கள் இரண்டும் போய்விட்டன, நெற்றியில் தையல். மருந்து வைத்திருந்தவர் ஒரு கிழவர். அது அவர் மகனுடைய மருந்தாம். "யாரும் வாங்க வரலியே, யாருக்கும் வேண்டாம் போலன்னு நெனச்சிட்டேன்" என்றார்.

நஜாத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஏழு மாடி ஏறி வந்து, மூச்சு வாங்கி, "டாக்டர், லமீஸ் பேரை மறுபடி எழுதிடுங்க, அதே மாத்திரைதான், அடுத்த மாசத்துக்கும் வேணும்" என்றாள். திட்டியிருந்தால் தேவலாம்.

அதன்பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. சர்வர் என்றால் வேகம் என்று நினைத்திருந்தேன். இந்த ஊரில் சர்வர் என்றால் அணையாமல் இருப்பது, அவ்வளவுதான். ஆகவே மூன்றாவதாக நான் வாங்கியது திரை உடைந்த, விசைப்பலகையில் அலிஃப் என்ற எழுத்தே இல்லாத ஒரு பழைய மடிக்கணினி. விற்கக் கூச்சப்பட்டு வஃபீக் அதை மூட்டைக்கடியில் ஒளித்து வைத்திருந்தான். அதற்குள்ளேயே பேட்டரி இருக்கிறது தம்பி! மின்சாரம் போனால் அதற்குத் தெரிவதே இல்லை. ரூட்டருக்கும் ஒரு சின்ன பேட்டரி வைத்தேன், வெளியே ஒரு வட்டில் தினமும் நகல் எடுக்கிறேன். சுகைனாவின் ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவே அது உட்கார்ந்திருக்கிறது. டீசல் தீர்ந்து அபூ நிமர் கைவிரித்த அன்றும் பக்கம் திறந்தே இருந்தது, அன்றைக்கு ஒருவருக்கு இதய மாத்திரை கிடைத்தது. லமீஸுக்கும் இப்போது மாதாமாதம் கிடைக்கிறது.

ஆகவே இனி என்னிடம் வாடகைப் பேச்சு எடுக்காதே. இது என் வீட்டில், என் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. யாரும் பணிவாகக் கடிதம் எழுதி இதை அழிக்க முடியாது.

உன் மனைவிக்கு ஸலாம், பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் வீட்டு விளக்கு அணையாமலும் உங்கள் அலமாரியில் மருந்துக்குத் தேவையே இல்லாமலும் இருக்க என் துஆ.

உன் அண்ணன்,
நஸீஹ்

பி.கு.: அனுப்புவதற்கு முன் ஒருமுறை வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், கட்டடத்தில் எல்லோருடைய போனும் ஒன்றாக அடித்தது. திரையில் வந்த வரைபடத்தில் ஒரு சிவப்புக் கட்டம், அதற்குள் எங்கள் கட்டடம். குண்டு போடப்போகிறார்களாம், உடனே காலி செய்யச் சொல்கிறார்கள். இப்போது அபூ நிமரின் வேனில் இருக்கிறோம், எந்தப் பக்கம் போகிறோம் என்று அவருக்கும் தெரியாது. மடிக்கணினி என் மடியில், ஐஸ் பையில் இன்சுலின் சுகைனா மடியில். பேட்டரி ஓடுகிறது, ஆனால் இணைப்பு இல்லை, இணையப் பக்கம் யாருக்கும் திறக்காது. மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு உன் கார்டில் இன்றைக்கே ஒரு சர்வரை வாடகைக்கு எடு. சிக்னல் கிடைக்கிற இடத்திலிருந்து இந்தக் கடிதத்தையும் நகலையும் அனுப்புகிறேன். நஜாத்தும் லமீஸும் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை, பக்கம் திறந்தால் எழுதுவார்கள். அந்த வாடகை சர்வர் இருக்கிற கட்டடத்துக்கு யாரும் போன் செய்து காலி பண்ணச் சொல்ல மாட்டார்களே என்று சுகைனா கேட்கச் சொல்கிறாள்.