விசில் ஊதினால்தான் கணக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மாமாவின் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போன தடவை போனில், "அந்தப் பிள்ளைய ஏண்டா பாடாய்ப் படுத்துற?" என்று திட்டினாயே, அதற்குப் பதில் சொல்ல இப்போதுதான் தெம்பு வந்தது.

பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருப்பவனுக்குப் பெற்ற மகளின் படிப்புக்கு ஒரு அட்டவணை போடத் தெரியாதா? ஐந்து மணிக்குக் கணக்கு புறப்பாடு, ஆறு மணிக்கு அறிவியல் வருகை, நடுவில் பால் குடிக்க நிறுத்தம் என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஒவ்வொன்றுக்கும் டிப்போ விசிலை ஊதினேன். பாப்பாவும் ஒரு விசிலுக்குப் புத்தகத்தைத் திறப்பாள், அடுத்த விசிலுக்கு மூடுவாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. டிப்போவில் எந்த டிரைவர் என் பேச்சை இப்படிக் கேட்கிறான்? பக்கத்து வீட்டு நாய்கூடக் கணக்கு விசிலுக்கு எழுந்து நிற்கப் பழகிவிட்டது.

அப்புறம்தான் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். டீச்சர் ஒரு வெற்றுத்தாளை என் முன்னால் வைத்தார். "பரீட்சை முழுக்கப் பேனாவைப் பிடிச்சிக்கிட்டு சும்மாவே உட்கார்ந்திருந்தா சார். மணி அடிச்சாச்சே, ஏம்மா எழுதலன்னு கேட்டா, 'இன்னும் விசில் ஊதலையே மிஸ்'ங்கிறா. அடுத்த பரீட்சையும் இப்படிப் போனா மறுபடி இதே வகுப்புதான்." வரும் வழியில் பாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் தப்புப் பண்ணிட்டேனாப்பா?" என்று கேட்டாள். நடுத்தெருவில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நீ சொன்னபடி சுதந்திரம் கொடுத்துவிடுவது என்று அன்றைக்கே அட்டவணையைக் கிழித்தேன். "இனிமே உன் இஷ்டம்மா" என்றேன். பாப்பா சோபாவில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள், உட்கார்ந்தே இருந்தாள். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அப்பா, கால் தெரியுது" என்றாள். சரி, சுதந்திரத்துக்கும் ஒரு ஒழுங்கு வேண்டாமா என்று புது அட்டவணை போட்டேன்: 'ஐந்து முதல் ஆறு வரை, இஷ்டம்போல.' ஆறு மணிக்கு அதை முடித்துவைக்க விசில் ஊதினேன் பார், என் வீட்டுக்காரி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து, என் வாயிலிருந்தே விசிலைப் பிடுங்கிப் பாப்பாவின் கழுத்தில் மாட்டிவிட்டாள். "இனிமே இவ ஊதட்டும். நீங்க வாயை மூடிக்கிட்டு இருங்க."

மறுநாள் பாப்பா வெகுநேரம் படம் வரைந்தாள். பிறகு தானாகவே விசிலை மெதுவாக ஊதிவிட்டுக் கணக்குப் புத்தகத்தை எடுத்தாள். பழக்கதோஷத்தில் நான் எழுந்து நின்றுவிட்டேன். "நீங்க உட்காருங்கப்பா. பக்கத்துலயே இருங்க. கேட்டா மட்டும் சொல்லுங்க." இருந்தேன். அவள் ஏழையும் எட்டையும் தப்பாகப் பெருக்கும்போது நாக்கைக் கடித்துக்கொண்டு இருப்பது இருக்கிறதே, அது டிப்போ வேலையைவிடக் கஷ்டம். கடைசியில் அவளே அடித்துத் திருத்தினாள். போகப்போக விசிலையே மறந்துவிட்டாள்.

நேற்று விடைத்தாள் வந்தது. கடைசிப் பக்கம்வரை எழுதியிருக்கிறாள்! மார்க் சுமார்தான், ஆனால் தேறிவிட்டாள். "யாரும்மா ஆரம்பிக்கச் சொன்னா?" என்று கேட்டேன். "யாரும் சொல்லலப்பா, நானேதான்." தலையிலிருந்து பெரிய பாரத்தை இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது அக்கா. வெகுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். இனி எந்தப் பிள்ளையின் படிப்பிலும் மூக்கை நுழைப்பதில்லை என்று தீர்மானமாக இருக்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். மருமகன் நீண்ட ஆயுளோடும் நல்ல புத்தியோடும் இருக்க என் ஆசிகள்.

உன் பாசமுள்ள,
தம்பி

பி.கு.: மருமகனுக்கு அடுத்த மாதம் பெரிய பரீட்சை என்று மாமா சொன்னார். எனக்கோ இப்போது சாயங்காலமெல்லாம் சும்மா போகிறது. லீவு போட்டாயிற்று, ஞாயிற்றுக்கிழமை அங்கே இருப்பேன். கூடத்துச் சுவரில் அட்டவணை ஒட்ட மட்டும் இடம் ஒழித்து வை. விசில் நானே கொண்டுவருகிறேன்.