ஈரத்துணியால துடைக்கச் சொன்ன நாற்காலி

அந்தச் சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். கூடத்துல இருக்கிற நாற்காலியை ஈரத்துணியால துடைச்சு வைக்கணும்.

சொன்னது என் பொண்டாட்டி ஜெகதா.

"ஏங்க, நாளைக்குக் கன்னியம்மாவப் பாக்க வராங்க. அந்த நாற்காலிய ஈரத்துணியால ஒரு தொட தொடச்சு வையுங்க. வேற ஒண்ணும் பண்ண வாணாம்."

அந்தக் கடைசி வார்த்தையை அவ எதுக்குச் சேர்த்தான்னு அப்ப எனக்குப் புரியலை. எட்டு வருஷமா என்கூடக் குடித்தனம் பண்றவ, காரணம் இல்லாம சொல்லமாட்டா.

கன்னியம்மா என் தங்கச்சி. எங்க ஊர்ல பொண்ணு பார்க்கறதுல ஒரு சிக்கல் இருக்குங்க. திருத்தணிக்கு வர்ற மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முதல்ல மலையேறி சாமி கும்பிடுவாங்க. அப்புறம்தான் பொண்ணு வீட்டுக்கு வருவாங்க. பொண்ணு பிடிச்சுதுன்னா, "பொண்ணு பாக்க வந்தோம், அப்டியே முருகனையும் பாத்தோம்"பாங்க. பிடிக்கலைன்னா, "முருகனப் பாக்க வந்தோம், அப்டியே உங்களையும் பாத்தோம்"பாங்க. யாருக்கும் மனசு கோணாது, வந்த பயணமும் வீண் போகாது.

கன்னியம்மாவுக்கு அதுவரைக்கும் மூணு குடும்பம் வந்துது. மூணும் முருகனைப் பார்க்க வந்த குடும்பமாவே திரும்பிப் போச்சு. மூணாவது தடவை அவ கட்டியிருந்த பட்டுப்புடவையை மடிச்சுக்கூட வைக்கலை. சுருட்டிப் போட்டுட்டு மாவாட்ட உட்கார்ந்துட்டா.

இது நாலாவது இடம். பள்ளிப்பட்டு. மாப்பிள்ளையோட அப்பாவும் எங்க நைனாவும் ஒரு காலத்துல ஜோடியா மாட்டுச் சந்தைக்குப் போனவங்க. நான் அப்ப அரக்கோணத்துல அத்தை வீட்டுல தங்கிப் படிச்சதால அவரைப் பார்த்த ஞாபகம் இல்லை. நைனா காலமாகி ரெண்டு வருஷம் ஆச்சு. "அவன் பொண்ணு என் வூட்டுக்கு வந்தா நல்லா இருக்கும்"னு மாப்பிள்ளையோட அப்பாவே ஆள் விட்டிருந்தார். இதுவும் கைவிட்டுப் போச்சுன்னா அடுத்தது எப்ப வரும்னு முருகனுக்கே தெரியாது.

சரி, நாற்காலிக்கு வர்றேன்.

அது நைனாவோட நாற்காலி. தேக்கு. கை வச்சது, பலகை போட்டது. ரெண்டு கையோட முனையிலயும் அவர் கை பட்டுப் பட்டு கருகருன்னு ரெண்டு தடம். சாயற இடத்துல எண்ணெய்த் தலை பட்டு ஒரு வட்டம்.

நான் ஈரத்துணிதாங்க எடுத்தேன். சத்தியமா ஈரத்துணிதான்.

வலது கைத் தடம் மட்டும் போகலை. ஜெகதா வேற அரிசி இடிக்கப் பக்கத்துத் தெருவுக்குப் போயிருந்தா. கேட்க ஆள் இல்லை. கொஞ்சம் புளியும் சாம்பலும் வச்சுத் தேய்ச்சேன். காலணா அளவுக்கு ஒரு இடம் பளிச்சுன்னு வெளுத்துது.

வினை அங்கதான் ஆரம்பிச்சுது. அந்த ஒரு இடம் சுத்தமா இருந்ததால, மத்த இடமெல்லாம் அழுக்காத் தெரிஞ்சுது! அதைச் சரிக்கட்ட அந்தக் கை முழுக்கத் தேய்ச்சேன். வலது கை வெளுத்ததும் இடது கை தாழ்ந்துபோச்சு. அதையும் தேய்ச்சேன். ரெண்டு கையும் வெளுத்ததும் முதுகுப் பலகை என்னைப் பார்த்துது.

அப்ப கன்னியம்மா உள்ளேயிருந்து வந்தா.

"இன்னாண்ணே பண்ணிகினு இருக்கே?"

"அழுக்கு எடுக்கறேன்."

"அது நைனா கை வச்ச எடம்ணே."

"கை வச்ச இடமா? அழுக்கு வச்ச இடம்!"

"நைனா அழுக்குன்னா அதுவும் நைனாதானே?"

அவ சொன்னது சரி. ஆனா நான் பள்ளிக்கூட வாத்தியார். சரியான பதிலை வேற யாராவது சொல்லிட்டா எனக்குப் பொறுக்காது. சுத்தம், சுகாதாரம், வர்றவங்க என்ன நினைப்பாங்கன்னு ஒரு பாடமே நடத்தினேன். அவ பாதிப் பாடத்துலயே உள்ள போயிட்டா.

அடுத்து போனது இரும்புக்கடை முனிரத்தினம்கிட்ட.

"ரெண்டு உப்புத்தாள் குடுங்க, மரம் தேய்க்கணும்."

"ரெண்டுதான் கீது வாத்யாரே. யுத்தம் முடியிற வரைக்கும் இனிமே வராது."

அந்த ரெண்டு தாளை வச்சு மதியம் வரைக்கும் தேய்ச்சேன். கை, கால், முதுகு, உட்கார்ற பலகை. கண்ணுக்குத் தெரியற இடம் அத்தனையும் தேய்ச்சாச்சு. அடிப்பக்கத்துக்கு வரும்போது தாள்ல மணலே இல்லை. குனிஞ்சு நாற்காலிக்கு அடியில யார் பார்க்கப் போறாங்கன்னு விட்டுட்டேன்.

நாற்காலி மலையில மொட்டை போட்டு இறக்கின குழந்தை மாதிரி வெளுத்து நின்னுது.

ஜெகதா வந்தா. இடிச்ச மாவைக் கீழே வச்சா. நாற்காலியை ஒரு சுத்து சுத்திப் பார்த்தா.

"ஈரத்துணி எங்க?"

"அதோ, மூலையில."

எடுத்துப் பார்த்தா. "இது காஞ்சே போயிடுச்சே!"

வெளுத்த நாற்காலியை அப்படியே விடமுடியுமா? மறுபடியும் முனிரத்தினம்.

"வார்னிஷ் இருக்கா?"

"வார்னிஷா! அதெல்லாம் பட்டாளத்துக்குப் போயிகினு இருக்குது வாத்யாரே. நம்ம கைச்சரக்கு ஒண்ணு கீது. குங்கிலியம், எண்ணெ, இன்னும் ஒண்ணு."

"இன்னும் ஒண்ணுன்னா?"

"அத்தச் சொல்லமாட்டேன்."

"எவ்வளவு நேரத்துல காயும்?"

"நல்லா காயும்."

நான் எவ்வளவு நேரம்னு கேட்டேன், அவர் எப்படின்னு பதில் சொன்னார். வகுப்புல ஒரு பையன் இப்படி எழுதியிருந்தா முட்டை போட்டிருப்பேன். அன்னிக்கு என்னமோ டப்பாவை வாங்கிட்டு வந்துட்டேன்.

ஒரு பூச்சு பூசினேன். பளபளன்னு இருந்துது. ஒண்ணே இவ்வளவு நல்லா இருந்தா மூணு எப்படி இருக்கும்?

மூணு பூசினேன்.

ஞாயித்துக்கிழமை காலையில எழுந்ததும் ஒரு விரலை வச்சுப் பார்த்தேன். விரல் வந்துது, ஆனா யோசிச்சுத்தான் வந்துது. வெயில்ல வச்சேன். விசிறியால விசிறினேன். வாயால ஊதினேன். வெயில் பட்டதும் அது இன்னும் இளகிச்சே தவிர இறுகலை.

"மேல ஒரு துண்டு விரிச்சுப் போடுங்க" என்றாள் ஜெகதா.

"விரிச்சா பளபளப்பு தெரியாதே!"

அவ என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

பட்டுப்புடவை கட்டிட்டு கன்னியம்மா கூடத்துக்கு வந்தா. தினமும் அந்தப் பக்கம் போறப்ப நாற்காலிக் கையைத் தொட்டுட்டுப் போறது அவ வழக்கம். பழக்க தோஷத்துல கையை நீட்டினா. பாதியிலயே இழுத்துக்கிட்டா. எனக்கு ரொம்பக் கேவலமா இருந்துதுங்க. நைனாவை ரெண்டாவது தடவை நானே வீட்டைவிட்டு அனுப்பின மாதிரி இருந்துது. ஆனா உட்கார்ந்து வருத்தப்பட நேரமில்லை. வாசல்ல ஆள் வந்தாச்சு.

மாப்பிள்ளை, அவர் அம்மா, அப்பா. மலையேறி இறங்கி நேரா வர்றாங்க. பெரியவர் அப்பத்தான் மொட்டை போட்டு, தலை நிறைய சந்தனம் பூசியிருந்தார். யுத்தத்துல பெட்ரோல் கிடைக்காம பஸ் கரியில ஓடுது. அதனால சட்டையில கரி. இடுப்புல மட்டும் சாமி தரிசனத்துக்குன்னு கட்டின புது வேட்டி.

"வாங்க மாமா, வாங்க! இப்படிப் பாய்ல சௌகரியமா..."

பெரியவர் பாயைப் பார்க்கவே இல்லை. "எங்க, உங்க நைனா நாற்காலி?"

"இதுதாங்க மாமா."

அவர் நாற்காலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "தம்பி, அந்த நாற்காலிய நான் பத்து வருசம் பாத்துகினு இருந்தவன். அது கருப்பா இருக்கும். கையில தடம் இருக்கும்."

"பாலீஷ் போட்டிருக்கேங்க."

"ஆங். ஆங்."

எங்க பக்கத்துல ஒரு 'ஆங்'னா சரின்னு அர்த்தம். ரெண்டு 'ஆங்'னா நீ சொல்றதை நம்பலைன்னு அர்த்தம்.

அப்படியே உட்காரவும் போனார். நீங்களே சொல்லுங்க, பொண்ணு பார்க்க வீடு தேடி வந்த மனுஷனை 'உட்காராதீங்க'ன்னு சொல்ல முடியுமா? அதைவிட அபசகுனம் உண்டா? ஜெகதா எனக்குக் கண்ணைக் காட்டினா. நான் அவளுக்குக் கண்ணைக் காட்டினேன். அதுக்குள்ள அவர் நல்லா அழுந்தி உட்கார்ந்தும் ஆச்சு.

கன்னியம்மா காபி கொண்டு வந்தா. மாப்பிள்ளை அவளைப் பார்த்தார், உடனே டம்ளரைப் பார்த்தார், மறுபடியும் அவளைப் பார்த்தார். அந்த அம்மாவுக்கும் முகம் மலர்ந்துது. எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருந்துது. பெரியவர் முகம் மட்டும் தெளியலை.

"ஏன் தம்பி, அவன் சாமானெல்லாம் இன்னும் வச்சினு இருக்கியா? இல்ல, கஷ்டத்துல வித்துட்டியா? வித்திருந்தா தப்பில்ல. சொல்லிடு."

"இல்லீங்க மாமா! இது அதேதாங்க!"

"இரவல் வாங்கிப் போட்டுட்டு அதுன்னு சொல்றதுதான் தப்பு."

"ஐயோ, நானே தேய்ச்சேங்க! கையைப் பாருங்க!"

கையைக் காட்டினேன். கொப்புளம் இருந்துது. ஆனா அவர் பார்வை கொப்புளத்துல நிக்கலை. வாத்தியார் பொய் சொல்றான்னு முடிவு பண்ணிட்டார்.

தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலை நான் மூணு தடவை கேட்டிருக்கேன்.

"சரி தம்பி. முருகனப் பாக்க வந்தோம். அப்டியே உங்களையும் பாத்..."

சொல்லிக்கிட்டே எழுந்தார்.

நாற்காலியும் எழுந்துது!

தொப்புன்னு உட்கார்ந்தார். மறுபடியும் எழுந்தார். மறுபடியும் அதுவும் கூடவே.

"இன்னாங்க?" என்றார் அவர் சம்சாரம்.

"ஒண்ணும் இல்ல. கொஞ்சம் இளப்பாறிட்டுப் போலாம்னு."

மரியாதை தெரிஞ்ச மனுஷன். என்ன நடந்துதுன்னு அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். சும்மா உட்கார்ந்திருக்கவும் முடியாம, மடியிலேயிருந்து மூக்குப்பொடி மட்டையை எடுத்தார். ஒரு சிட்டிகை போட்டார். விரல்ல ஒட்டின பொடியைத் துடைக்கணுமே. வேட்டியில துடைக்கலாம்னா வேட்டி அவர் வசத்துல இல்லை. கை தன்னால நாற்காலிக்கு அடியில போச்சு.

அங்கேயே நின்னுது.

தடவினார். நகத்தால கொஞ்சம் சுரண்டினார். மூக்குக்கிட்ட கொண்டு போனார். கூடமே அதிர்ற மாதிரி ஒரு தும்மல் போட்டார்.

"தம்பி! இங்க வா! கைய இதுக்கு அடியில வை!"

குனிஞ்சு வச்சேன். பலகையோட அடியில சொரசொரன்னு, திட்டுத் திட்டா, கல்லு மாதிரி ஏதோ இறுகிக் கிடந்துது.

"இன்னான்னு தெரியுதா?"

"தெரியலீங்க."

"உங்க நைனாடா அது! பொடி போட்டா உங்கம்மா திட்டும். துண்டுல தொடச்சா தொவைக்கறப்ப கண்டுபுடிச்சுடும். அதனால நாற்காலிக்கு அடியில தொடைப்பான். பத்து வருசம் தொடைச்சிருக்கான், திருட்டுப் பய! அவனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்." சொல்லும்போதே அவர் கண்ணு கலங்கிடுச்சு. பொடிதான் காரணம்னு புறங்கையால ஒத்திக்கிட்டார். "மேல பூரா அவன அழிச்சுட்டே. அடிய மட்டும் வுட்டு வச்சியே, புண்ணியவான்!"

"உப்புத்தாள் பத்தலீங்க மாமா" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். கன்னியம்மா! பொண்ணு பார்க்கற நேரத்துல பொண்ணு சத்தமாச் சிரிக்கக்கூடாது. ஆனா மாப்பிள்ளையும் சேர்ந்து சிரிச்சுட்டார். அப்புறம் யார் யாரைக் குத்தம் சொல்றது?

அவதான் நல்லெண்ணெய்க் கிண்ணத்தோட வந்தா. ஓரமா எண்ணெயை விட்டா. மாப்பிள்ளை ஒரு பக்கம் வேட்டியைப் பிடிச்சு மெதுவா உரிச்சார். நான் உதவி பண்ண கிட்டப் போனேன். "நீங்க வாணாம்"னு நாலு பேர் ஒரே குரல்ல சொன்னாங்க. கடைசியில வேட்டி கிழிஞ்சு, ஒரு முழத்துண்டு நாற்காலியிலயே தங்கிடுச்சு.

என் வேட்டியைக் கட்டிக்கிட்டு பெரியவர் வாசல்ல நின்னார். செருப்பை மாட்டினார். தொண்டையைச் செருமினார். நான் தூணைப் பிடிச்சுக்கிட்டேன்.

"பொண்ணு பாக்கத்தான் தம்பி வந்தோம். அப்டியே முருகனையும் பாத்தோம்."

எனக்கு அழுகையே வந்துடுச்சுங்க. வரட்டும்னு விட்டுட்டேன்.

நாற்காலியும் பொண்ணோட வரணும்னு கேட்டுட்டுப் போனார். சீர் வேற ஒண்ணும் கேட்கலை. அன்னிக்குச் சாயந்திரம் கன்னியம்மா அது பக்கத்துல தரையில உட்கார்ந்து, ஒரு கையை அடியில விட்டுக்கிட்டு, மடியில இருந்த பூவை வெகுநேரம் தொடுக்காமயே இருந்தா. நான் அந்தப் பக்கம் போகலை.

மறுநாள் காலையில ஜெகதா என் கையில ஒரு ஈரத்துணியைக் கொடுத்து, "அலமாரி" என்றாள்.

நான் முருகனைப் பார்க்க மலையேறிட்டேன்.