ஒற்றை லென்ஸும் உன் அக்காவும்

அன்பு மச்சானுக்கு,

நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று மனசார நினைத்து எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். எங்கள் பேச்சுவார்த்தைக்குத்தான் கொஞ்சம் உடம்பு சரியில்லை. நீ கல்யாண வீடுகளில் கேமராவும் கையுமாகத் திரிகிறவன் என்பதால் உன்னிடம் ஒரு நியாயம் கேட்க வேண்டியிருக்கிறது.

அடுத்த மாதம் நானும் உன் அக்காவும் கடலோரமாக ஒரு சுற்றுப் போய்வர டிக்கெட் எடுத்திருக்கிறேன். நான் ரிட்டயரானபின் முதல் பயணம். அதற்கு அவள் நிபந்தனை போட்டுவிட்டாள். "ஒரு லென்ஸ்னா வர்றேன். ரெண்டாவது ஒண்ணு பையில இருந்துச்சுன்னா, நீங்களும் உங்க பையும் ஜோடியா போயிட்டு வாங்க." எல்லாம் போன தடவை மலைக்குப் போன கோபம். எதிர்ப் பாறையில் ஒரு கழுகு. நான் மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு சின்ன லென்ஸைக் கழற்றிப் பெரியதை மாட்டுவதற்குள் கழுகு போய்விட்டது. சரி, திரும்பிப் பார்த்தால் உன் அக்காவையும் காணோம். தனியாக இறங்கி, தனியாக டீ குடித்து, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். டிரைவர் ஹாரன் அடிக்க அடிக்க நான் ஓடி வருகிறேன், அவள் என்னை யாரென்றே தெரியாத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். இதெல்லாம் ஒரு குற்றமா, நீயே சொல்.

சரி, ஒன்றே ஒன்று என்று தேட ஆரம்பித்தேன். பிடித்தது சனி. கிட்டத்திலிருந்து தூரம்வரை எல்லாம் எடுக்கும் லென்ஸ் இருக்கிறது. வெளிச்சம் குறைந்தால் படம் ஆடிப்போகுமாம். இருட்டிலும் பளிச்சென்று எடுப்பது இன்னொன்று. அது கழுத்தை ஒடித்துவிடுமாம். ஒடிக்குமா, பார்த்துவிடலாம் என்று அதே எடைக்குச் சர்க்கரையை ஒரு பையில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டு மாடிப்படி ஏறி இறங்கினேன். கீழ்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "என்ன சார், டாக்டர் சொன்னாரா?" என்றார். ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன். பையில் ஓட்டை இருந்திருக்கிறது. மறுநாள் படிக்கட்டு முழுக்க எறும்பு, அத்தனையும் நம் வீட்டு வாசலை நோக்கி. உன் அக்கா துடைப்பத்தோடு வந்தாள், அதை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

பிறகு கடைக்காரர்தான் வழி சொன்னார். "இதுவரைக்கும் எடுத்த படத்தையெல்லாம் பாருங்க சார். எதை அதிகமா எடுத்திருக்கீங்களோ, அதுக்கேத்த மாதிரி வாங்கிக்கலாம்." ஆல்பம், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் திறந்து உட்கார்ந்தேன். பாலம், பறவை, மலை, மறுபடியும் பாலம். உன் அக்கா ஓரத்தில் எங்கேயாவது இருக்கிறாள். கல்யாணமான புதிதில் கேமராவுக்குக் கிட்டத்தில் நின்று வாய்விட்டுச் சிரிக்கிறாள். என் லென்ஸ் பெரிதாகப் பெரிதாக அவள் சின்னதாகிக்கொண்டே போய், கடைசிப் படத்தில் மலைப் படியில் ஏறும் ஒரு முதுகுதான் மிச்சம். மச்சான், அதோடு எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டேன். எந்த லென்ஸை வாங்கினாலும் ஏதாவது ஒன்று விட்டுப்போகத்தான் போகிறது. எது போனால் பரவாயில்லை என்று நான் இதுவரை யோசித்ததே இல்லை. கழுகு போகட்டும் என்று முடிவு செய்தேன்.

ஆகவே இருபத்துநாலிலிருந்து நூற்றைந்து மில்லிமீட்டர் வரை போகும் நடுத்தர லென்ஸ் ஒன்றை வாங்கியாயிற்று. பக்கத்தில் நின்றாலும் முழுசாகத் தெரிவாள், கோபித்துக்கொண்டு நாலடி தள்ளிப் போனாலும் பிடித்துவிடலாம். ஆனாலும் இருநூறு வரை போவதாக வாங்கியிருக்கலாமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. கடைக்காரர் இந்த வாரம் முடியும்வரை மாற்றித் தருவாராம். நீதான் ஒரு முடிவு சொல்ல வேண்டும். உன் அக்காவிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே.

பிள்ளைகள் நன்றாக வளர என் ஆசிகள். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
தீர்ப்புக்குக் காத்திருக்கும்
உன் அத்தான்

பி.கு.: தம்பி, இது அக்கா. கவரை ஒட்டச் சொல்லி என்கிட்டயே குடுத்துட்டுக் குளிக்கப் போயிருக்கார், புத்திசாலி. லென்ஸை மாத்தச் சொல்லாதே. அவர் இல்லாதப்பல்லாம் நான் அதை எடுத்துப் பழகிட்டேன், எனக்கு நல்லா வருது. அவர் பாத்த படத்தையெல்லாம் நானும் உக்காந்து பாத்தேன். பாலம் இருக்கு, மலை இருக்கு, முதுகா இருந்தாலும் நான் இருக்கேன். அந்த மனுஷன் ஒரு படத்துலகூட இல்லடா. இந்தத் தடவை கேமரா என் கழுத்துல.