அட்மின் அக்காவின் நான்காம் நம்பர் குழு

மலாக்கா மாநிலத்தில் ஒரே விரலால் ஒரு மனிதனை ஊரை விட்டே தள்ளி வைக்கும் அதிகாரம் ஒருவருக்குத்தான் உண்டு. அவர் எந்தக் கட்சியிலும் இல்லை. சுங்கை ரம்பாய் பக்கம் பள்ளி வேன் ஓட்டுகிறார். அடையாள அட்டையில் அவருக்கு ஒரு பெயர் இருக்கும். எங்களுக்கு அவர் அட்மின் அக்கா.

வேனில் வரும் பிள்ளைகளின் பெற்றோருக்காகக் கைப்பேசியில் அவர் தொடங்கிய வாட்ஸ்அப் புலனக் குழு, பெருகிப் பெருகி ஆறு குழுக்களாகியிருந்தது. பள்ளிக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, காணாமல் போன ஆடு மாடுகளுக்கு ஒன்று. எதற்கும் பெயர் கிடையாது. "பேரு வச்சா சண்டை வரும்லா" என்று நம்பர் மட்டும் போட்டிருந்தார். ஆறுக்கும் ஒரே படம், அவருடைய வேன். காலை வணக்கம் சொல்லி ரோஜாப்பூ அனுப்பினால் ஒரு வாரம் நீக்கம். ஆட்டுக் குழுவில் பிறந்தநாள் வாழ்த்துப் போட்ட சொந்தத் தம்பியையே வெளியேற்றியவர்.

நான் கல்யாண வீடியோ எடுப்பவன். சட்டமன்றத் தேர்தல் வந்ததும் எங்கள் ஊர் சுயேச்சை வேட்பாளர் ஒருவர் தம் இணையப் பிரசாரத்தை என்னிடம் ஒப்படைத்தார். அன்று மாலையே முகநூலில் என் பெயருக்குக் கீழே "வியூக வகுப்பாளர்" என்று போட்டுக்கொண்டேன். ட்ரோன் பறக்க, செம்பனை மரங்களுக்கு நடுவே வேட்பாளர் மெதுவாக நடந்து வருவதுபோல் ஒரு வீடியோ எடுத்தேன். மாப்பிள்ளை அழைப்புக்கு வைத்திருந்த நாதஸ்வர இசையையே பின்னணியில் போட்டேன். பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள்தான் கருத்துகளைப் படித்தேன். "அண்ணே, இது எந்த ஊரு?" என்று மதுரைக்காரர் கேட்டிருந்தார். துபாயிலிருந்து ஒருவர் மாப்பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்லியிருந்தார். விளம்பரம் யாருக்குப் போக வேண்டும் என்ற இடத்தில் மொழியைக் குறித்த நான், ஊரைக் குறிக்க மறந்திருந்தேன். எங்கள் தொகுதியில் அதைப் பார்த்தவர்கள் நானும் என் மனைவியும்தான். அவளும் பாதியில் நிறுத்திவிட்டாள்.

வேறு வழியில்லாமல் அட்மின் அக்காவிடம் போனேன். வேனைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஆறு குரூப்புலயும் போடணுமா? போடா! ஓட்டுக் கேக்க வர்றவன், மொதல்ல ஊர்ல என்ன பேசறாங்கன்னு படிக்கணும். ஆறுலயும் சேர்த்து விடறேன். ஒரு வாரம் வாயத் தொறக்காத."

ஒரு வாரம் ஆடு, மாடு, கோயில், மழை எல்லாம் படித்தேன். நான்காம் நம்பரில் மட்டும் அந்த வாரம் எதுவும் வரவில்லை. எட்டாம் நாள் அனுமதி கிடைத்தது. "மூணாம் நம்பர்ல ஒண்ணே ஒண்ணு போடு. அது பொது."

அந்த ஒன்றுக்காக என் கலைத்திறன் முழுவதையும் இறக்கினேன். வண்ணச் சுவரொட்டிகளை மக்கள் பார்த்துச் சலித்துவிட்டார்கள் என்பது என் வியூகம். அதனால் கறுப்பு வெள்ளையில் வேட்பாளர் கைகூப்பும் படம். கீழே, "என்றும் உங்களுடன். நாளை மாலை 4 மணிக்கு, அவரது இல்லத்தில். அனைவரும் வருக." அனுப்பினேன்.

ஐந்தே நிமிடத்தில் கைகூப்பிய கைகள் வந்து குவிந்தன. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. திரையைப் படம்பிடித்து வேட்பாளருக்கு அனுப்பி, "அலை அடிக்குது சார்" என்று எழுதினேன். பிறகு குரல் பதிவுகள் வந்தன. ஒரு பெரியவர், "நேத்துதான் உம்பாய் மார்க்கெட்ல மீன் வாங்கறப்ப பார்த்தேன், நல்லாத்தான் இருந்தாரு" என்று தழுதழுத்தார். மக்கள் இவ்வளவு உணர்ச்சிவசப்படுகிறார்களே என்று எனக்கே கண் கலங்கியது. அடுத்தவர், "எத்தன மணிக்கு எடுக்கறாங்க?" என்று கேட்டபோதுதான் எந்தக் குழுவில் போட்டேன் என்று பார்த்தேன். நான்காம் நம்பர்.

அட்மின் அக்கா அழைத்தார். "டேய் தம்பி, நாலாம் நம்பர் எதுக்குன்னு தெரியுமா?"

"எதுக்குக்கா?"

"சாவுக்கு."

அவர் உடனே மறுப்புப் போட்டார். ஆனால் செய்தி அதற்குள் அவருடைய எல்லையைத் தாண்டி, மாநிலத்தின் மறுகோடியில் இருக்கும் சுங்கை ஊடாங் வரை போய்விட்டது. குரல் பதிவில் வந்த இரங்கல்களை எல்லாம் வேட்பாளர் உட்கார்ந்து கேட்டார். "நல்ல மனுசன். போன் பண்ணாதான் எடுக்க மாட்டாரு" என்ற ஒன்றை மட்டும் மூன்று முறை கேட்டதாகப் பிறகு சொன்னார்.

மறுநாள் நான்கு மணிக்கு அவர் வீட்டு வாசலில் அப்படி ஒரு கூட்டம். எங்கள் எந்தக் கூட்டத்துக்கும் அதில் கால்வாசி வந்ததில்லை. மலர்வளையத்துடன் இறங்கிய ஓர் அம்மா, வேட்பாளர் நின்று வரவேற்பதைக் கண்டு கோபித்துக்கொண்டார். "பாஸ்கிட்ட சாவுன்னு சொல்லி லீவு போட்டுட்டு வந்திருக்கேன். இப்ப நான் என்னா சொல்றது?" கூட்டம் முணுமுணுத்தது. "எவன் பார்த்த வேல இது?" என்று ஒரு குரல் எழுந்தது. நான் கூடாரக் காலுக்குப் பின்னால் இருந்தேன். அந்தக் கால் என் வயிற்றை மறைக்கும் அளவுக்குப் பருமனாக இல்லை.

அட்மின் அக்கா முன்னால் வந்து நின்றார். "நான்தான். நம்பர் மாத்தி அமுக்கிட்டேன். என் தப்பு."

அவர் தப்பு என்று ஒப்புக்கொண்டதை அதுவரை யாரும் கேட்டதில்லை.

"வந்தது வந்துட்டீங்க, உக்காருங்க. ஆளு உசுரோட இருக்கும்போதே கேக்கறதக் கேளுங்க."

உட்கார்ந்தார்கள். அடைத்த கால்வாய், வராத பஸ் என்று கேட்டார்கள். வேட்பாளர் நான் எழுதிக் கொடுத்த தாளைச் சட்டைப் பையில் மடித்து வைத்துவிட்டு, தெரிந்ததற்குப் பதில் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். "நாளைக்கு போன் பண்ணுங்க, எடுக்கறேன்" என்றார். எடுத்தார். தேர்தலில் தோற்றார். ஆனால் டெபாசிட்டைக் காப்பாற்றிக்கொண்டார். என் வியூகத்தோடு போனவர் அதைக் காப்பாற்றியதே பெரிது.

ஆட்கள் கலைந்த பிறகு, என்னை ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று அக்காவிடம் கேட்டேன்.

"உன் பேரச் சொன்னா, எவன்டா உன்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவான்? என்னைத் திட்டினாலும் பிள்ளைங்கள என் வேன்லதான ஏத்தியாகணும்?" என்றவர், என் கண்ணெதிரே கைப்பேசியை எடுத்து ஆறு குழுக்களிலிருந்தும் என்னை நீக்கினார்.

இரண்டு மாதம் கழித்து, ஆட்டுக் குழுவில் மட்டும் மறுபடி சேர்த்துக்கொண்டார். என்னிடம் ஆடு இல்லை. அதற்குப் பிறகு ஒருமுறை எனக்கு டெங்கி வந்து மருத்துவமனையில் படுத்தேன். மனைவி ஊரில் இல்லை. நான் யாருக்கும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் கையில் தூக்குச்சட்டியோடு அட்மின் அக்கா வந்து நின்றார்.

"குரூப்புல மூணு நாளா நீ மட்டும் ஒண்ணும் படிக்கல. உன் வீடியோ கடைக்குப் போனேன், பூட்டியிருக்கு. சரி, ஆஸ்பத்திரியா இருக்கும்னு வந்தேன். எழுந்திரு, கஞ்சி ஆறுது."

கஞ்சியில் உப்பே இல்லை. சட்டியைச் சாய்த்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.