சாட்டின் துணியில் ஒரு கை

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. துணி என்று எதைக் கண்டாலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்துப் பார்த்தால்தான் மனம் ஆறும். ஜவுளிக்கடையில் நின்று நின்று வந்த வியாதி இது. பேருந்தில் முன் சீட்டுக்காரரின் சட்டைக் காலரைத் தேய்த்துத் திட்டு வாங்கியிருக்கிறேன். தாலி கட்டுகிற நேரத்தில்கூட வசந்தாவின் கூறைப்புடவைத் தலைப்பைத் தேய்த்துப் பார்த்தேனாம். (அவள் சொல்வது. ஜரிகை கொஞ்சம் மட்டம் என்பது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது.) இந்த விரல்கள்தான் கண்டியில் என்னை மாட்டிவிட்டன.

மதுரையில் நான் வேலை பார்த்த கடையைப் பங்காளிகள் சண்டை போட்டு மூடிவிட்டார்கள். அப்போதுதான் கண்டியில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முதலாளி ஆள் தேடினார். பட்டுப் பிரிவைப் பார்த்துக்கொள்ள வேண்டும், புருஷன் பெண்சாதி இருவரும் வந்து ஊரைப் பாருங்கள், பிடித்தால் இருங்கள் என்றார். எனக்குப் பிடிக்காமல் போக வழியே இல்லை. வேறு வேலை கிடையாது. வசந்தாவுக்குத்தான் ஒரே ஒரு கேள்வி.

"நமக்கு ஒண்ணுன்னா அங்க யாருங்க வருவா?"

மதுரையில் கேட்டாள், விமானத்தில் கேட்டாள். கடுகண்ணாவைப் பக்கம் ரயில் குகைக்குள் நுழைந்து பெட்டி இருண்டபோது, அந்த இருட்டுக்குள்ளிருந்தும் கேட்டாள். வீட்டையும் மனுஷர்களையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், வேண்டாம் என்றால் வற்புறுத்தக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

கடையில் கணக்குப் பார்க்கும் ராமையா அண்ணன் வீடு ஏற்பாடு செய்திருந்தார். "ஏத்தத்துல ரெண்டாவது வீடுங்க. கேட்டு தொறந்துதான் இருக்கும். வீட்டுக்காரங்க உங்களைத்தான் பாத்துக்கிட்டு இருப்பாங்க. நேரா உள்ள போயிருங்க, நான் பின்னாலயே வந்திர்றேன்" என்று எங்களை ஒரு ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

வீட்டுக்காரர்கள் முன் மரியாதையாக இருக்கட்டும் என்று வசந்தாவை அரக்குச் சிவப்புப் பட்டு உடுத்தச் சொன்னது நான். அதையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மழை விட்டு மூடுபனி இறங்கியிருந்தது. சந்துக்குள் திரும்பியதும் இரண்டு பக்கமும் கயிறு கட்டி, வரிசையாக வெள்ளைக் கொடிகள். காற்றே இல்லை, ஒன்றும் ஆடவில்லை. எங்கள் ஆட்டோக்காரர், எங்களிடம் எதுவும் கேட்காமலே, முதல் வளைவில் திறந்திருந்த கேட் முன்னால் நிறுத்தினார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கொடுத்த காசை என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"என்னங்க, கோயில் விசேஷமா?" என்றாள் வசந்தா.

"புத்தர் ஊரும்மா. வெள்ளைதான் இவங்களுக்கு மங்கலம்" என்றேன், எல்லாம் தெரிந்தவனாக. போகிற போக்கில் ஒரு கொடியைத் தேய்த்தும் பார்த்தேன். நல்ல காடாத் துணி.

முற்றத்தில் ஏழெட்டுப் பேர் கதிரைகளில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் வெள்ளை. எங்களைக் கண்டதும் ஒரு சத்தமும் இல்லாமல் ஒருசேர எழுந்தார்கள். ஒருவர்கூட யார் நீங்கள் என்று கேட்கவில்லை. ஒரு பெண் வந்து வசந்தாவின் புடவையை உச்சிமுதல் பாதம்வரை பார்த்தாள், பிறகு கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். வசந்தாவின் மறு கை என் முழங்கையில் நகத்தைப் பதித்தது.

நம் ஊரில் சாவு வீடு என்றால் பறையும் சங்கும் ஒப்பாரியுமாகத் தெருமுனையிலேயே காதுக்குத் தெரிந்துவிடும். இங்கே சுவர்க் கடிகாரம்கூட ஓடவில்லை. சுவரில் மாட்டியிருந்த படங்கள் எல்லாம் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பியிருந்தன. யாரோ ஒருவர் சொல்லி, அந்தப் படங்களில் இருந்தவர்களும் எங்களைப் பார்க்க மறுத்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. ஆனாலும் வேலை போன மனுஷன் எதையும் நல்லபடியாகத்தான் எடுத்துக்கொள்வான். காலி செய்யப் போகிறார்கள், அதனால் படங்களைத் திருப்பிவிட்டார்கள் என்று முடிவு செய்தேன்.

பால் இல்லாத தேநீர் வந்தது. கொஞ்சம் தமிழ் தெரிந்த ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"வீடு எப்போ காலியாகும்ங்க?" என்று கேட்டேன்.

அவர் "நாளைக்கு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டின்மேல் அவ்வளவு பாசம் போலிருக்கிறது என்று நினைத்தேன். (இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்று கேட்காதீர்கள். இருந்தான்.)

பெரியவர் எங்களை உள் கூடத்துக்கு அழைத்துப் போனார். ஜன்னல் எல்லாம் சாத்தி, ஒரு விளக்கு மட்டும் எரிந்தது. பூ வாசனைக்கு அடியில் மருந்து மாதிரி வேறொரு வாசனை. நடுவில் நீளமாக ஏதோ மரச்சாமான். அதன் ஓரம் முழுக்கக் கொசுவம் கொசுவமாகத் தைத்த வெள்ளைச் சாட்டின். மற்றவர்களுக்கு முதலில் ஆள் தெரியும், எனக்குத் துணிதான் தெரியும். கை தானாகப் போனது. தேய்த்தேன். ஒன்றாந்தரம். இன்னும் கொஞ்சம் உள்ளே தேய்த்தேன். சாட்டின் முடிந்து பருத்தி வந்தது. பருத்திக்குள்ளே விரல்கள் இருந்தன.

கோட்டும் டையும் அணிந்து, வெள்ளைக் கையுறை போட்ட ஒரு மனிதர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். அவருடைய கை என் பிடியில் இருந்தது.

கையை இழுத்தேன், வரவில்லை. மறுபடி இழுத்தேன். அவர் கை கூடவே மெல்ல எழுந்து வந்தது. விடமாட்டேன் என்கிறார். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். இந்த ஊரைவிட்டுப் போகாதே என்று அந்த மனிதர் என்னைப் பிடித்துக்கொண்டார் என்று.

காரணம், என் விரலில் மாமனார் போட்ட கல் மோதிரம். அதன் கொக்கியில் கையுறை நூல் மாட்டிக்கொண்டிருந்தது. பின்னால் ஜனம் சேர்ந்துவிட்டது. இறந்தவரின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கும் என்னைப் பார்த்து யாரோ விசும்பினார்கள்.

வசந்தா ஒரு வினாடியில் எல்லாம் புரிந்துகொண்டாள். "ஆடாம நில்லுங்க" என்று பல்லைக் கடித்துச் சொன்னாள். குனிந்து அந்தக் கையின்மேல் முகத்தை வைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பார்த்தவர்களுக்கு அது அழுகை. நிமிர்ந்தபோது நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள். பயமோ, தூர தேசமோ, போன வருஷம் போன அவள் அப்பாவின் நினைப்போ, அடக்க முடியவில்லை அவளால்.

மூலையிலிருந்து ஒரு அம்மாள் எழுந்து வந்தார். இறந்தவரின் மனைவி, மெனிக்கே அம்மா. சிவப்புப் பட்டோடு வசந்தாவைக் கட்டிக்கொண்டார். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. இருவரும் நன்றாக அழுதார்கள்.

ஏற்றத்தில் இரண்டாவதாக இருந்த மேல் வீட்டில் எங்களுக்காகக் காத்திருந்து பார்த்த ராமையா அண்ணன் மூச்சு வாங்க ஓடி வந்தார். விஷயம் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "இங்க சாவுன்னா வெள்ளைக் கொடி கட்டுவாங்க, படத்தைத் திருப்பி வைப்பாங்க. அந்தக் கொடியைக்கூடப் பாக்கலையாங்க?"

"பாத்தேன். நல்ல காடா" என்றேன். வேறு என்ன சொல்ல.

மேல் வீட்டையும் பார்த்துவிட்டுச் சந்தில் இறங்கும்போது வசந்தா முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். சரி, மதுரைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று இருந்தேன்.

"மேல் வீட்டுக்கே வந்துரலாம்ங்க" என்றாள்.

"இவ்வளவுக்கும் அப்புறமா?"

"யாருன்னே தெரியாம தேத்தண்ணி குடுத்தாங்க. யாருன்னே கேக்காம கட்டிப்பிடிச்சாங்க. நமக்கு ஒண்ணுன்னா இவங்க வருவாங்க."

வந்தார்கள். எங்கள் மகள் பிறந்தபோது பேராதனை ஆஸ்பத்திரி வாசலில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தது மெனிக்கே அம்மாதான். பிறகு தமிழ் கற்றுக்கொண்டு, அன்று நடந்ததை முழுதாகக் கேட்டறிந்து, தன் புருஷனின் படத்துக்கு முன்னால் நின்று வயிறு வலிக்கச் சிரித்தவரும் அவர்தான். இப்போது அந்த மகளுக்கே கல்யாணம். மாப்பிள்ளையின் கோட்டுக் கையை நான் என்னையறியாமல் தேய்த்தபோது மண்டபமே கேட்கும்படி மெனிக்கே அம்மா சொன்னார்:

"மெதுவா, மகன். இவர் உயிரோட இருக்கிறார்."