கல்யாணத்தின் மேல் மேய்ந்த ஆடுகள்

"கல்யாணக் கேசட்ட எடுத்து வெளியில வைங்க. அம்மா நாளைக்கு முதல் பஸ்ஸுலயே வந்துருவாங்க" என்று ஞானசௌந்தரி அடுப்படியிலிருந்து சொன்னபோது, தியாகராசன் அலமாரிக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார். அவருடைய விரல்கூட அந்த டப்பாவின் மேல்தான் இருந்தது. எடுக்கவில்லை.

டப்பாவின் முதுகில் அவருடைய கையெழுத்தில் 'அஞ்சுகம் கல்யாணம்' என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்தது கல்யாணம் அல்ல. ஒரு மலைச்சரிவு, அதில் நிறைய ஆடுகள், ஒன்றரை மணி நேரமாக எதுவுமே பேசாத ஓர் ஆட்டுக்காரன்.

அஞ்சுகம் ஞானசௌந்தரியின் தங்கை. அவள் கல்யாணம் நடந்து இரண்டு வருடம் ஆகிறது. குடும்பத்தில் வீடியோ டெக் உள்ள ஒரே வீடு தலத்தெருவில் இவர்கள் வீடுதான் என்பதால் கேசட் இங்கே வந்தது. வந்த புதிதில் எல்லோரும் கூடி இரண்டு மூன்று முறை பார்த்தார்கள். மறுவருடமே மாமனார் பூமிநாதன் போய்விட்டார். அதற்குப் பிறகு அதைப் போட்டுப் பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை.

அம்பகரத்தூர் பூமிநாதன் போட்டோக்களில் அகப்படாத மனிதர். எந்தப் படத்திலும் யாருடைய தோளுக்காவது பின்னால் பாதி நெற்றியாகத்தான் இருப்பார். அந்தக் கேசட்டில் மட்டும் நடந்தார், பன்னீர் தெளித்தார், ஒருமுறை கேமராவைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தார். நாளைக்கு அவருடைய முதல் தெவசம். சாப்பாடு முடிந்ததும் அவரை ஒருதரம் பார்க்க வேண்டும் என்று மாமியார் கமலாம்பாள் சொல்லி அனுப்பியிருந்தார். வேறு எதுவும் அவர் கேட்டதில்லை.

அவரைத்தான் தியாகராசன் அழித்திருந்தார்.

நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்க்கும் ஒருவருக்கு செக், ஸ்லோவாக் படங்கள் மேல் பித்துப் பிடித்ததற்கு ஒரு மாலைப்பொழுதுதான் காரணம். ஏழெட்டு வருடங்களுக்கு முன்பு புதுச்சேரியில் ஒரு திரைப்படச் சங்கத்தில் அந்த நாட்டுப் படம் ஒன்றைப் பார்த்தார். அதில் ஒரு மனிதன் பெஞ்சில் உட்கார்ந்து, வெகுநேரம் ஒன்றும் பேசாமல், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். தியாகராசனும் அப்படி உட்காருகிறவர்தான். வீட்டிலும் அலுவலகத்திலும் அதற்கு உம்மணாமூஞ்சித்தனம் என்று பெயர். அதையே ஒரு நாட்டில் படமாக எடுக்கிறார்கள் என்பது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பிறகு சேர்க்க ஆரம்பித்தார். கூடப் படித்த இளையபெருமாள் பிரான்சில் இருந்தான். அங்கே தொலைக்காட்சியில் இந்தப் படங்கள் எப்போதாவது வரும். பதிந்து வைத்து, லீவில் வரும்போது கொண்டுவருவான். பிரான்சு கேசட் நம்மூர் டெக்கில் கறுப்பு வெள்ளையாகத்தான் ஓடும். அடியில் ஓடும் எழுத்தும் பிரெஞ்சு. தியாகராசனுக்கு அதெல்லாம் குறையாகப் படவில்லை. கேசட்டில் சீட்டு ஒட்டினால் உரிந்து டெக்கில் சிக்கும் என்று டப்பாவின் மேல் மட்டும் பெயர் எழுதி வரிசையாக அடுக்கினார். உறவினர்கள் அதை 'வெளிநாட்டு அலமாரி' என்றார்கள்.

அலமாரியின் மகுடம், மேல் தட்டில் நடுநாயகமாக இருந்த 'மூன்றாம் மணிக்கூண்டு'. மூன்றே முக்கால் மணி நேரப் படம். ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் சினிமா நண்பர்களிடம் அதைப் பற்றிப் பேசும்போது தியாகராசன் கண்களை மூடிக்கொள்வார். ஒருநாள் போட்டுக் காட்டுங்கள் என்று கேட்டால், அது கூட்டமாகப் பார்க்கிற படம் இல்லை என்பார். மாமனார் மட்டும் ஒருமுறை, ஏதோ ஒரு படத்தை முழுக்க உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இதுல எது மாப்ள ஒசத்தி?" என்று கேட்டார். இவர் மேல் தட்டைக் காட்டினார். "இதான் மாமா. மாசம் ஒரு தடவ போட்டுப் பாத்துருவேன்." மாமனார் தலையாட்டினார். அவரும் அதிகம் பேசமாட்டார். இருவரும் சேர்ந்து பேசாமல் இருந்ததுதான் தியாகராசனுக்கு அந்தக் குடும்பத்தில் கிடைத்த நட்பு.

அதனால்தான் வெட்கம் இன்னும் அதிகமாக இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். இந்த வருடப் பொங்கலுக்கு வந்த இளையபெருமாள் ஆட்டுக்காரன் படத்தைக் காட்டிவிட்டு, அன்று சாயங்காலமே திரும்ப எடுத்துப் போக வேண்டும் என்றான். நகல் எடுக்க இரண்டாவது டெக், வீடியோ கடை வைத்திருக்கும் ஜெகபர் சாதிக்கிடம் கிடைத்தது. வாங்கி வைத்திருந்த வெற்றுக் கேசட்டை அந்த டெக் மென்று துப்பிவிட்டது. வெள்ளிக்கிழமை மதியம், சாதிக் தொழுகைக்குப் போயிருந்தார், கடை பூட்டியிருந்தது. கைக்கெட்டிய தூரத்தில் அஞ்சுகம் கல்யாணம். அஞ்சுகத்திடம் இன்னொரு பிரதி இருக்கும் என்று தியாகராசன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இல்லை என்று அவருக்குத் தெரியும். பட்டனை அமுக்கினார். பதியும்போது திரையில் ஆடுகள்தான் தெரிந்தன. அடியில் அழிவது கண்ணுக்குத் தெரியாது. அது ஒரு வசதி.

இப்போது அவர் அலமாரியை மூடிவிட்டு, டெக்கின் பிளக்கைத் திறந்து ஒரு வயரைக் கழற்றிவிட்டார். பிறகு அடுப்படிக்குப் போய், டெக் வேலை செய்யவில்லை என்று வருத்தத்தோடு சொன்னார்.

ஞானசௌந்தரி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் ஜெகபர் சாதிக் ஒரு டெக்கைக் குழந்தைபோல் இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"மாமா தெவசத்துக்கு இல்லாத டெக்கு எதுக்குண்ணே? எத்தன நாள் வேணாலும் வச்சுக்குங்க" என்றவர், பழைய டெக்கையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தார். "வயருதான் கழண்டிருந்துச்சு. மாட்டிட்டேன்."

ஆக, வீட்டில் இரண்டு டெக் இருந்தது. கல்யாணம்தான் இல்லை.

தியாகராசன் மேலும் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல், கேசட்டில் பூசணம் பிடித்துவிட்டது, கடற்கரை ஊர் ஈரம், சுத்தம் செய்யச் சாதிக்கிடம்தான் கொடுத்திருக்கிறேன் என்று மனைவியிடம் சொன்னார். சாதிக் பக்கத்திலேயே நின்றார். தியாகராசன் அவரைப் பார்த்த பார்வையில் என்ன தெரிந்ததோ, நல்ல மனிதர், காப்பாற்றிவிட்டார்.

"ஆமாக்கா. கடையிலதான் இருக்கு. பளிச்சுன்னு தொடச்சு வச்சுட்டேன். காலையில கொண்டாந்துர்றேன்."

கேசட் கெட்டுப்போய்விட்டது என்று அவர் சொல்லியிருந்தால் போதும். தியாகராசன் அவரை வாசலுக்கு இழுத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னார். சாதிக் கடைசிவரை கேட்டார்.

"ஆடாண்ணே?"

"ஆடுதான்."

"நெசமாவே ஆடு மட்டுந்தானா? நான் இத்தன வருஷமா உங்களப் பத்தி வேற மாதிரில நெனச்சுக்கிட்டிருக்கேன்."

"வேற மாதிரின்னா?"

சாதிக் தலையைச் சொறிந்தார். கதவைச் சாத்திக்கொண்டு வெளிநாட்டுப் படம் பார்க்கிற மனிதரைப் பற்றி ஊர் என்ன நினைத்திருக்கிறது என்பது தியாகராசனுக்கு அப்போதுதான் புரிந்தது. அழித்த வெட்கத்தோடு, செய்யாததற்கும் சேர்த்து வெட்கப்பட வேண்டியதாயிற்று.

கல்யாணத்தைப் படம் எடுத்தவர் கேமராவை விற்றுவிட்டு சவுதிக்குப் போய்விட்டார். அந்த வழி அடைபட்டது. சாதிக்தான் இன்னொரு வழி சொன்னார். நெரவி முத்தையன் தன் மகள் கல்யாணக் கேசட்டைச் சுத்தம் செய்யக் கொடுத்திருந்தார். அதே மண்டபம், அதே நாயனம். வாசலில் ஒரு பெரியவர் பன்னீர் தெளிப்பார், முதுகுப் பக்கமாகத்தான் தெரியும். டெக்கில் ஒரு திருகைத் திருகிவிட்டால் படம் கோடு கோடாக ஓடும். பூசணம் மிச்சத்தைத் தின்றுவிட்டது, இவ்வளவுதான் தேறியது என்று சொல்லிக்கொள்ளலாம்.

"முதுகு போதும்ணே. பாசம் உள்ளவங்களுக்கு முதுகு போதும்" என்றார் சாதிக்.

மறுநாள் சடங்குகள் முடிந்தன. இலை எடுத்தபிறகு கூடத்தில் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். அஞ்சுகம் வந்திருந்தாள். பூமிநாதனின் தம்பி உத்திராபதி நாற்காலியில் வெற்றிலையோடு அமர்ந்திருந்தார். சாதிக் டெக்குக்குப் பக்கத்தில், திருகின் மேல் விரல் வைத்து, வைத்தியர் நாடி பிடிப்பதுபோல் இருந்தார்.

கமலாம்பாள் தியாகராசனை அருகில் கூப்பிட்டார். "பூசணம் புடிச்சிருந்துச்சாமே மாப்ள? மாசாமாசம் ஓட்டிக்கிட்டே இருந்தா புடிக்காதும்பாரு உங்க மாமா."

சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தார். உதட்டோரத்தில் ஒரு சிறு சிரிப்பு இருந்ததுபோலத் தோன்றியது. தெவசத்தன்று அந்தச் சிரிப்பைத் தியாகராசன் எதிர்பார்க்கவில்லை. மாமியாருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

படம் ஓடியது. கோடுகள், நாயனம், மீண்டும் கோடுகள். நடுவே ஜிப்பா போட்ட ஒரு முதுகு, ஏறி இறங்கும் ஒரு பன்னீர்ச்செம்பு. அஞ்சுகம் விசும்ப ஆரம்பித்தாள். ஞானசௌந்தரி திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். பாசம் உள்ளவர்களுக்கு முதுகு போதும் என்பது உண்மைதான் போலிருக்கிறது.

உத்திராபதி மட்டும் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தியிருந்தார்.

"அண்ணன் எப்ப ஜிப்பா போட்டுது?" என்றார். அவர் எழுந்து திரைக்கு அருகில் போனார். "இது என் ஜிப்பால்ல? இது நான்ல?"

சாதிக் பதறித் திருகை இன்னும் திருகினார். எந்தப் பக்கம் திருகினாரோ, கோடுகள் எல்லாம் நீங்கிப் படம் கண்ணாடிபோல் தெளிந்தது. முதுகு திரும்பியது. உத்திராபதி எல்லோர் மேலும் பன்னீர் தெளித்துக்கொண்டே சிரித்தார்.

"நெரவி முத்தையன் பொண்ணு கல்யாணம்ல இது. போன ஆவணியில நடந்துது. நான்தான அன்னைக்கு வாசல்ல நின்னேன். உசுரோட இருக்குற எனக்கா எல்லாரும் அழுவுறீங்க?"

ஞானசௌந்தரி கும்பிட்ட கைகளை இறக்கினாள். கணவரைப் பார்த்தாள். இனிமேல் சரிசெய்ய ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் தியாகராசனுக்கு ஒருவித அமைதி வந்தது. பொங்கலுக்கு நடந்ததை, வெற்றுக் கேசட்டிலிருந்து ஆரம்பித்து, தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தார்.

"எங்கப்பா மேலயா ஆட்ட மேயவிட்டீங்க?" என்றாள் ஞானசௌந்தரி.

"வெறும் ஆடுதான்க்கா. வேற தப்பான படம் ஒண்ணும் இல்ல" என்று சாதிக் பரிந்து பேசினார். யாரும் அவரிடம் வேறு மாதிரிப் படம் பற்றிக் கேட்டிருக்கவில்லை.

பிறகு நெடுநேரம் யாரும் பேசவில்லை. தியாகராசனின் அலமாரியில் இருக்கும் படங்கள் எதிலும் அவ்வளவு நீண்ட மௌனம் கிடையாது. அவர் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறொருவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதற்கும், தானே அப்படி உட்கார்ந்திருப்பதற்கும் உள்ள வித்தியாசம் அவருக்கு விளங்கியது.

கமலாம்பாள் கையை ஊன்றி எழுந்தார். வெளிநாட்டு அலமாரியைத் திறந்து, மேல் தட்டில் எட்டி, 'மூன்றாம் மணிக்கூண்டு' டப்பாவை எடுத்தார். புடவைத் தலைப்பால் அதன் மேலிருந்த தூசியை நிதானமாகத் துடைத்தார். உள்ளிருந்த கேசட்டைச் சாதிக்கிடம் நீட்டினார்.

"அத்தை, அது வேற படம்" என்றார் தியாகராசன்.

சாதிக் போட்டார். நாயனம் ஒலித்தது. வாழைமரம், மண்டப வாசல், பட்டுப்புடவையில் அஞ்சுகம். பிறகு வெள்ளைச்சட்டையோடு பூமிநாதன், பன்னீர்ச்செம்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கேமரா தன்னைத்தான் பார்க்கிறது என்று தெரிந்து, வெட்கப்பட்டுச் சிரித்தார். நல்ல கலரில் சிரித்தார்.

கூடமே அழுதது, சிரித்தது. உத்திராபதி 'அண்ணா' என்று திரையைத் தொட்டார். தியாகராசனுக்கும் கண் கலங்கிவிட்டது. கல்யாணம் அழியவில்லை. மாமா அழியவில்லை. அப்படியானால் ஆடுகள் மேய்ந்தது மணிக்கூண்டின் மேல் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் அவருக்கு உறைத்தது. போனால் போகட்டும் என்றுகூட நினைத்தார். அந்த வருத்தம் தன்னோடு இருக்கும், யாருக்கும் தெரியப்போவதில்லை.

"இது எப்படி அத்தை இதுக்குள்ள வந்துச்சு?" என்று கேட்டார்.

கமலாம்பாள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்க மாமாதான் ரெண்டு கேசட்டையும் டப்பா மாத்தி வச்சாரு, மாப்ள; மாசாமாசம் அந்தப் படத்தப் போட்டுப் பாப்பேன்னு சொன்னீங்களாமே, அடுத்த மாசம் போட்டதும் சிரிச்சுக்கிட்டே வந்து கேப்பீங்கன்னு சாவுற அன்னைக்கு வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தாரு."