மொச்சைக்கு ஆக்கிய நுரையீரல்

புரட்டாசி மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் ஒரு சபதம் எடுத்தேன். இனி எங்கள் வீட்டு நாயின் வாயில் பாக்கெட் தீனி படக்கூடாது!

இந்த ஆறுச்சாமிக்கு நாயின் மேல் இத்தனை பாசமா என்று உங்களுக்குத் தோன்றினால், அந்த எண்ணத்தோடு இங்கேயே படிப்பதை நிறுத்திக்கொள்ளுங்கள். என் மானம் மிஞ்சும். மேலே படித்தால் கணபதி ஏரியாவில் நான் வைத்திருக்கும் மோட்டார் பம்ப் ஸ்பேர்ஸ் கடை மட்டும்தான் மிஞ்சும்.

சங்கதி இதுதான். எங்கள் மகள் வர்ஷினி முழுகாமல் இருக்கிறாள். ஐந்தாம் மாதம். கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் ஓசூரில் மாப்பிள்ளை வீட்டில் படுத்திருக்க, இங்கே என் மனைவி மாசாணியம்மாள் காரமடைப் பெருமாளிடம் வேண்டிக்கொண்டாள். புரட்டாசி முழுக்க எங்கள் இரண்டு பேர் வாயிலும் கறி படாது. என்னையும் துளசியைத் தொட்டுச் சத்தியம் செய்யச் சொன்னாள். செய்தேன். மனசாரத்தான் செய்தேன். ஆனால் அன்றைக்கு வியாழக்கிழமை. வியாழக்கிழமை சத்தியம் செய்வது எவனுக்கும் சுலபம். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும்தான் என் நாக்கு எழுந்து உட்கார்ந்தது.

வேண்டுதல் எங்கள் இரண்டு பேருக்குத்தான். நாய்க்கு இல்லை. இந்த ஓட்டையைக் கண்டுபிடித்தபோது என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

நாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். லேப்ரடார். கல்யாணத்துக்கு முன் வர்ஷினி வாங்கி வந்து 'மோச்சா' என்று பேர் வைத்தாள். மாசாணி அதை மொச்சை ஆக்கிவிட்டாள். நாயும் மொச்சைக்குத்தான் வாலாட்டுகிறது.

நாய்த்தீனிப் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

"அம்மணி, இதுக்குப் பின்னாடி பொடி எழுத்துல என்ன போட்டிருக்கான்னு பாத்தியா?"

"எம்பட கண்ணாடி உள்ள கெடக்குதுங்க. நீங்களே படிங்க."

"விலங்கு உபபொருட்கள்! அப்படின்னா என்ன தெரியுமா? கொம்பு, கொளம்பு, கொண்டை, றெக்கை, மூக்கு, முழி..."

"ஈரலு, கொடலு, நுரையீரலுங்கூட அதுல சேத்திதானுங்க."

"அதத்தான் சொல்றேன். எல்லாம் கழிவு!"

"போன மாசம் கெடா விருந்துல கொடல் கறிக்காக ரெண்டாம் பந்தியிலயும் போய் உக்காந்தது ஆருங்க?"

"அது வேற! அது கண்ணு முன்னாடி வெட்டுனது. இது எந்த ஊரு ஆடோ, என்ன சீக்குல செத்துதோ. நாம பாத்தமா?"

"வாஸ்தவந்தானுங்க."

மாசாணி வாஸ்தவம் என்று சொன்னால் நான் உஷாராகியிருக்க வேண்டும். இருபத்தெட்டு வருஷத்தில் மூன்று முறை சொல்லியிருக்கிறாள். மூன்று முறையும் என் தலையில்தான் விடிந்தது.

"அதனால வாரத்துல ரெண்டு நாள் நானே கார் செட்டுல வெச்சு மொச்சைக்கு ஆக்கிப் போடறேன். உம்பட அடுப்புப் பக்கமே வரமாட்டேன்."

"பச்சைக் கறி காம்பவுண்டுக்குள்ளயே வர வேண்டாங்க. பக்கத்தூட்டு ஜோஸ்லின்கிட்ட வேக வெச்சுக் குடுக்கச் சொல்றேன். அவியளுக்குப் புரட்டாசி இல்லீங்களே. நாய்க்குத்தானுங்க, அவளே ஜாவித் கறிக்கடையில நுரையீரல் வாங்குனாப் போதும்."

நான் தொடைக்கறியைக் கனவு கண்டிருந்தேன். நுரையீரல் என்றதும் சுருதி கொஞ்சம் இறங்கியது. இருந்தாலும் ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஐந்து நிமிஷத்துக்கு முன் நானே கழிவு என்று சொன்ன பொருளுக்குத்தான் இந்தத் தேற்றல்.

பதினொரு மணிக்கு ஜோஸ்லின் மதில் மேல் வேக வைத்த துண்டுகளைத் தூக்குப்போசியில் போட்டு நீட்டினாள்.

"ஏனுங்ணா, நாய் மேல எத்தனை பாசமுங்க உங்குளுக்கு!" என்று சொல்லிவிட்டு, துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். நுரையீரல் வாடை தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

கார் செட்டின் கதவைச் சாத்தினேன். ஸ்கூட்டர் டிக்கியில் உப்பு, மிளகுத்தூள், மிளகாய்த்தூள், தேங்காய்ச் சில்லு எல்லாம் தயாராக இருந்தன. பழைய ஸ்டவ்வில் போட்டுப் புரட்டி எடுத்தேன். அதற்கு முன்னால், மனசாட்சிக்காக, இரண்டு துண்டை மொச்சையின் தட்டில் வைத்தேன். மொச்சை மோந்து பார்த்தது. என்னை ஒரு பார்வை பார்த்தது. தட்டைத் தொடாமல் மூலையில் போய்ப் படுத்துக்கொண்டது.

எசமான் பசியோடு இருக்கிறான் என்று தன் பங்கையே விட்டுக்கொடுக்கிறது! வாயில்லா ஜீவனுக்கு இருக்கும் பெருந்தன்மை எனக்கு இல்லையே என்று வெட்கப்பட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே அந்த இரண்டு துண்டையும் மசாலாவில் புரட்டித் தின்றேன்.

என்ன ருசி! பஞ்சு மாதிரி மெத்தென்று, மசாலாவை அப்படியே உறிஞ்சிக்கொண்டு... கறி விஷயத்தில் என் நாக்கை ஏமாற்ற எவனாலும் முடியாது. வாயில் வைத்தவுடன் சொல்லிவிட்டேன். எளங்கெடா. மேய்ச்சல் வெள்ளகோவில் பக்கம்.

புதன்கிழமையும் இப்படியே நடந்தது. மொச்சை விட்டுக்கொடுத்தது, நான் வெட்கப்பட்டேன், தூக்குப்போசி காலியானது. பாதி தின்றுகொண்டிருக்கும்போது ஃபோன் அடித்தது. வர்ஷினி.

"அப்பா, அம்மா சொன்னாங்க. எனக்காகக் கறியே தொடறதில்லையாமா. ஒரு ஞாயித்துக்கெழமைகூட இருக்க மாட்டீங்களேப்பா. எனக்கு அழுகையே வந்துருச்சு."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. ஒடம்பப் பாத்துக்க."

கன்னத்தின் ஓரத்தில் ஒரு துண்டு இருந்தது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. ஃபோனை வைத்த பிறகு விழுங்கினேன். இத்தனை வருஷத்தில் நான் செய்த காரியங்களில் இதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. இதோடு நிறுத்திவிடுவது என்று சாமி படத்தின் முன்னால் நின்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை மதிலுக்கு மேல் தூக்குப்போசி தெரிந்தது. என் முடிவு மதிலுக்குக் கீழே விழுந்தது.

இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. மொச்சை என்னத்தைத் தின்று உயிர் வாழ்கிறது? அது எதையுமே தின்று நான் பார்க்கவில்லை. ஆனால் உடம்பு மினுமினு என்று இருந்தது. பெருமாள்தான் காப்பாற்றுகிறார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மூன்று வாரம் ஆனது. மொச்சைக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்று மாசாணி என்னையும் நாயையும் கிளப்பிக்கொண்டு கால்நடை டாக்டர் லாஸ்யாவிடம் போனாள். சின்ன கிளினிக். டாக்டரின் மேஜைக்கும் வெளியே காத்திருந்த நாலு பேருக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான்.

"என்ன சாப்பாடு குடுக்கறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"ஏனுங்க, நீங்களே சொல்லுங்க. நீங்கதானுங்க ஆக்கிப் போடறீங்க" என்றாள் மாசாணி.

"மூணு வாரமா நுரையீரலுங்க டாக்டர். பாக்கெட்டுல உபபொருள் கலக்கறாங்களாமா, அதான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"உபபொருள்னாலே கெட்டதில்லீங்க சார். எங்கிருந்து வந்துச்சு, நோயில்லாத மிருகமா, கெடாம வெச்சிருந்தாங்களா, அதுதான் முக்கியம். நுரையீரலும் உபபொருள்தான். சீக்கு ஆடா இருந்தா அதுக்குள்ள புழுக்கட்டியே இருக்கும். ஆடு நல்ல ஆடான்னு பாத்தீங்களா?"

"இல்லீங்க."

"எவ்வளவு நேரம் வேக வெச்சாங்க?"

"தெரியாதுங்க."

"மூணு வாரமாவா?"

"வாரத்துக்கு ரெண்டு நாளுங்க. ஒரு துண்டு மீதி வெக்காமங்க."

"அப்போ மொதல்ல பூச்சி மாத்திரை குடுத்தரலாம். எடை எவ்வளவு?"

"எம்பத்தி ரெண்டுங்க."

டாக்டர் மொச்சையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நான் நாயோட எடையைக் கேட்டேன் சார்."

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நானோ மூன்று வாரத்தில் எத்தனை புழுக்கட்டி தின்றிருப்பேன் என்று கணக்குப் போட்டேன். அதற்குள் கட்டிலில் படுத்திருக்கும் வர்ஷினியின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. உடைந்துபோனேன்.

"அம்மணி, நான் பாவி! தொளசியத் தொட்டுப்போட்டுத் துரோகம் பண்ணிப்போட்டேன். எல்லாத்தையும் நாந்தான் தின்னேன். எம்பட புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்!"

நான் அழுதேன். ஐம்பத்தைந்து வயசில், ஒரு லேப்ரடார் முன்னால் அழுதேன். மாசாணி நாய்ச் சங்கிலியை நிதானமாகக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"டாக்டரம்மா, பயப்படாதீங்க. அது நுரையீரல் இல்லீங்க. மீல்மேக்கர்."

"மீல்மேக்கரா? எப்ப இருந்து?" இது நான்.

"மொத நாள்ல இருந்துங்க. ஜோஸ்லின் அந்தச் சோயா உருண்டையைச் சுடுதண்ணியில போட்டுப் புழிஞ்சு குடுப்பாளுங்க."

"மொச்சைக்கு?"

"நீங்க குளிக்கப் போனதும் பாக்கெட் தீனி போட்டுருவனுங்க, டாக்டரம்மா எழுதிக் குடுத்ததேதான். மீல்மேக்கரை அது மோந்து பாக்கும். திங்காதுங்க."

பெருந்தன்மை என்று நான் வெட்கப்பட்டதெல்லாம் வெறும் மூக்குதான்! டாக்டர் லாஸ்யா ஊசி மருந்தை அவசரமாகத் தேடுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அம்மணி, உனக்கு எப்படித் தெரியும், நான் இப்படிப் பண்ணுவேன்னு?"

"தொளசியத் தொடறப்பவே பாத்தனுங்க. கை தொளசி மேல இருந்துச்சு, கண்ணு ஜாவித் கடைப் பக்கம் இருந்துச்சு. வேண்டுதல் புள்ளைக்குங்க. உங்க நாக்கை நம்பி உட முடியுங்களா?"

வேண்டுதல் கெடவில்லை என்பதில் முதலில் உயிர் வந்தது. கறி தின்ற பாவம் என் மேல் இல்லை. ஆனால் கறி என்று நினைத்து ஒளிந்து ஒளிந்து தின்றவன் நான்தானே? அதற்கு எந்தப் பெருமாளிடம் போய் மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வர்ஷினி ஃபோன் செய்தாள். ஸ்கேன் எடுத்தார்களாம். எல்லாம் நன்றாக இருக்கிறதாம், இனி மெதுவாக எழுந்து நடக்கலாமாம். மாசாணிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். ஸ்பீக்கரில் மகள் கேட்டாள்.

"அப்பா இன்னும் கறி தொடாமத்தான் இருக்கறாங்களாம்மா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாசாணி என்னைப் பார்த்தாள். என் மானத்தைக் காப்பாற்றத்தான் போகிறாள் என்று ஒரு நிமிஷம் நம்பினேன்.

"உங்கப்பன் ஒரு நாள்கூடத் தவறல கண்ணு" என்றாள். "நான் உட்டாத்தான?"